மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை மட்டுமா?

மாம்பலத்து மகள்:
அம்மாவுக்கு 78 வயது. விளக்கு வைக்கும் நேரமானால் புடவைத் தலைப்பில் சில்லறையை முடிந்துகொண்டு, "நேரமாகிவிட்டது, வீட்டுக்குப் போகிறேன்" என்று கிளம்புகிறார். 40 ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டிலிருந்து! கிரில் கதவுக்கு எப்போதும் பூட்டுப் போட வேண்டியிருக்கிறது. பகலில் பார்த்துக்கொள்ள ஏஜென்சி மூலம் ஆள் வைத்தேன், மாதம் 22,000 ரூபாய். ஐந்து மாதத்தில் நான்கு பேர் மாறிவிட்டார்கள். விசாரித்த இரண்டு முதியோர் இல்லங்களிலும் மறதி நோய் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை என்றார்கள். வேலையை விட்டுவிட்டுப் பெற்றோரைக் கவனிப்பவர்களுக்கு அரசு மாதந்தோறும் உதவித்தொகை தர வேண்டும். வார்டுதோறும் பகல்நேரக் காப்பகமும் வேண்டும்.

அயனாவரம் சேகர்:
சகோதரி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் உடன்பட முடியவில்லை. இதே நோய் வந்த என் அப்பாவை ஒன்பது ஆண்டுகள் வீட்டில்தான் வைத்துப் பார்த்தோம். தாய் தகப்பனைக் கவனிக்கப் பணம் என்று வந்துவிட்டால் பாசம் கூலியாகிவிடும். பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. கிண்டியில் 2024இல் 200 படுக்கைகளுடன் முதியோர் மருத்துவமனை வந்துவிட்டது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீடும் இருக்கிறது.

மாம்பலத்து மகள்:
ஐயா, காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்தால்தான் உதவும். என் அம்மாவுக்கு வேண்டியது படுக்கை அல்ல, பக்கத்தில் ஓர் ஆள். நீங்கள் சொல்லும் சட்டம் பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. கைவிடாமல் பார்த்துப் பார்த்தே ஓய்ந்துபோகிறவர்களைப் பற்றி அதில் என்ன இருக்கிறது? மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்று அதில் பேசப்படுவதும் ஆதரவற்ற ஏழைகளுக்குத்தான். இன்னொன்றும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். அந்த ஒன்பது ஆண்டுகளும் அப்பாவைக் குளிப்பாட்டியது யார்?

அயனாவரம் சேகர்:
என் மனைவி. தையல் கடை வைத்திருந்தார். இரண்டாம் ஆண்டிலேயே மூடிவிட்டார். அந்த இழப்பை நான் ஒருநாளும் கணக்கில் எழுதியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உதவித்தொகை வந்திருந்தாலும் அவர் கடை திறந்திருக்காதே!

ஓய்வுபெற்ற செவிலியர்:
சேகர் ஐயா கடைசியாகச் சொன்னது முக்கியமான வார்த்தை. ஜப்பானில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு 2000இல் நடைமுறைக்கு வந்தது. 40 வயதிலிருந்தே எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். ஆனால் குடும்பத்தின் கையில் பணம் தருவதில்லை. வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேரக் காப்பகம் என்று சேவையாகத்தான் கிடைக்கும். பணமாகத் தந்தால் மருமகள்கள் வீட்டோடு கட்டுண்டு போவார்கள் என்று அங்கே பெண்கள் எதிர்த்தார்கள். தொலைவில் தேடவும் வேண்டாம். கேரளம் 2014இல் 'ஸ்மிருதிபதம்' என்ற திட்டத்தின் கீழ் பகல்நேரக் காப்பகமும் முழுநேர இல்லமும் தொடங்கியது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்த நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு கணித்தது. நம்மிடம் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறதே, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறதே, அதிலேயே இதையும் சேர்க்கலாம்.

மாம்பலத்து மகள்:
நோயைக் கண்டுபிடிக்க அது உதவும் அம்மா. ஆனால் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகப் பத்து நிமிடம் போதும். எங்களுக்கு வேண்டியது பத்து மணி நேரம். உதவித்தொகையைவிடக் காப்பகமே முதலில் வேண்டும் என்பதை ஏற்கிறேன்.

அயனாவரம் சேகர்:
அரசுக் காப்பகத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். உங்கள் அம்மா கிளம்புவதே ஆறு மணிக்குத்தானே?

மாம்பலத்து மகள்:
அதனால்தான் இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்கிறேன். வேனும் வேண்டும். ஆட்டோவில் ஏற்றினால் ஓடும்போதே இறங்கப் பார்க்கிறார்.