நீராவித் திருத்தமா, ஈரப்பதன் திருத்தமா?

வணக்கம் எல்லாருக்கும்,

வளியில வாயுக்களை அளக்கேக்க நீராவியால வாற பிழையைத் திருத்திறதுக்கு, அண்ணை அனுப்பின கலைச்சொல் பட்டியலில "ஈரப்பதன் திருத்தம்" எண்டு கிடக்கு, எனக்கு அது சரியாப் படேல்ல. ஈரப்பதன் எண்டா எங்கட ஆக்கள் உடன சாரீரப்பதனைத்தான் நினைப்பினம், அதாவது அந்த வெப்பநிலையில இருக்கக்கூடிய உச்ச நீராவியில எத்தினை சதவீதம் இருக்கு எண்டது, வானிலை அறிக்கையில வாற அந்த 80 சதவீதம். இங்க கணக்குக்கு வேண்டியது அது இல்லை, வளியில நீராவி எத்தினை பங்கு எண்டதுதான். கொழும்பில 30 பாகையில சாரீரப்பதன் 80 எண்டா நீராவி கிட்டத்தட்ட 3.4 சதவீதம், நுவரெலியாவில 15 பாகையில அதே 80க்கு 1.7 அளவுதான் வரும், அங்க அமுக்கம் குறைவு எண்டதையும் சேர்த்துத்தான் சொல்லுறன். சோ பேரைப் பாத்திட்டு ஆரும் 80ஐத் தூக்கிப் போட்டா முடிஞ்சுது கதை.

அந்த 3.4 சின்ன விசயம் இல்லை. உலர்வளியில காபனீரொட்சைட்டு 420 பீபீஎம் (பத்து லட்சத்தில 420 பங்கு) எண்டா, நீராவி இடம் பிடிக்கிறதால ஈரவளியில ஏறத்தாழ 406தான் வரும், வாயு எங்கயும் போகேல்ல. 1 இலயிருந்து நீராவிப் பங்கைக் கழிச்சு, மிச்சத்தால அளந்ததைப் பிரிச்சா 420 திரும்பி வரும். உலக வானிலை அமைப்பு வட அரைக்கோளத்தில ஆய்வுகூடங்களுக்கிடையில 0.1 பீபீஎம்முக்குள்ள ஒத்துப்போகவேணும் எண்டுது, இங்க 14 போகுது! ஹவாயில மௌனா லோவா மலையில 1958இல விஞ்ஞானி கீலிங் காபனீரொட்சைட்டு அளக்கத் தொடங்கேக்கையே நீராவியை உறையவைச்சு எடுத்திட்டுத்தான் அளந்தவர்.

என்ர விருப்பம், மொத்தமா "நீராவித் திருத்தம்". அதுக்குள்ள, மேல சொன்ன நீராவி இடம் பிடிச்சு மற்ற வாயுவின்ர பங்கைக் குறைக்கிறதுக்கு "ஐதாக்கத் திருத்தம்". தமிழ்நாட்டில நீர்த்தல் எண்டுவினம், ஆனா இந்த இடத்தில அதைப் போட்டா தண்ணி கலந்ததோ எண்டு கேப்பினம் (கலந்ததுதான், அது வேற பகிடி). வாயு எந்த ஒளியை உறிஞ்சுது எண்டு பாத்து அளக்கிற லேசர் கருவியில, நீராவி அந்த வாயுவின்ர உறிஞ்சற் கோட்டையும் அகலமாக்கும், அதுக்கு "கோட்டகல்வுத் திருத்தம்". கடைசியில கிடைக்கிறது "உலர்வளி மூல் பின்னம்", அதாவது நீராவியை விட்டிட்டு மிச்ச வளியில அந்த வாயுவின்ர பங்கு.

---

> மொத்தமா "நீராவித் திருத்தம்"

தம்பி, லேசருக்குச் சரி. வெள்ளவத்தையில பல்கனியில பூட்டி வைக்கிற மலிவு சென்சருகளுக்கு என்ன செய்யிறது? வாயு அறியிற உலோக ஒட்சைட்டு சென்சரில நீர் மேற்பரப்பில ஒட்டித் தடையை மாத்துது, ஐதாக்கம் அங்க பெரிய பிரச்சினையே இல்லை. தூசு சென்சரில துணிக்கை ஈரம் குடிச்சு ஊதுது, அதுக்கு சாரீரப்பதன்தான் கணக்கு. அதுகளுக்கு "ஈரப்பதன் திருத்தம்" இருக்கட்டும், ரெண்டையும் தனித்தனியாப் போடுவம்.

"கோட்டகல்வு" வாயில வராது, "கோடு அகலல்" எண்டு விடுங்கோ. மூல் பின்னத்துக்குப் பக்கத்தில மோல் எண்டும் போடோணும், தமிழ்நாட்டுப் பிள்ளையள் அப்பிடித்தான் தேடுவினம்.