பத்து மடங்கு வித்தியாசத்தைப் ‘பொருந்துகிறது’ என்று சொல்லலாமா?

அரைக்கிணறு:
மேகத்துளியை உறைய வைக்கும் துகள்களை எண்ணுகிற கருவிகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டார்களே, ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ, 2015 மார்ச், அதன் கட்டுரையை (2018இல் வந்தது) நேற்றுதான் முழுசாகப் படித்தேன். அர்ஜென்டினா விளைநில மண்தூசிக்கு எல்லாக் கருவியும் பத்து மடங்குக்குள் வந்துவிட்டதாம், அதற்குப் பாராட்டு வேறு. காய்கறிக் கடைத் தராசு ஒரு கிலோவைப் பத்து கிலோ என்று காட்டினால் சும்மா விடுவோமா? இந்த எண்களை நம்பித்தான் கணினியில் மேக மாதிரி (மாடல்) ஓட்டுகிறோம்.

துளித்தட்டு மணி:
தராசு உதாரணம் பாதிதான் சரி. அந்த மண்தூசியை 25, 30 டிகிரி வெப்பநிலை அகலத்துக்கு அளந்திருக்கிறார்கள், அந்த இடைவெளியில் குளிரக் குளிர எண்ணிக்கையில் 5 முதல் 8 பூஜ்யம் வரை கூடுகிறது. ஒரு முனையில் கடுகு, மறுமுனையில் லாரி லோடு. இரண்டையும் நிறுக்கிற தராசு முழு தூரத்துக்கும் ஒரு பூஜ்யம்தான் தவறுகிறது என்றால் நான் கைதட்டத்தான் செய்வேன்.

கார்மேகம்:
மண்தூசியை மட்டும் பேசினால் எப்படி மணி? அதே கட்டுரையில் இல்லைட் களிமண் இருக்கிறது, மைனஸ் 25 டிகிரிக்கு மேலே (அதாவது அதைவிடக் குளிர் குறைவான பக்கம்) நூறு மடங்குக்கும் கூடுதலாகப் பிரிந்து நிற்கிறது. அதற்கு முன்பே, 2015இல் வெளியான ஒப்பீட்டில் இதே இல்லைட்டை 17 முறைகளில் அளந்து பார்த்தார்கள், ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அகலம். வெப்பநிலையில் சொன்னால் 8 டிகிரி!

துளித்தட்டு மணி:
அதில் பாதி பழி வெப்பமானிமேல் விழ வேண்டியது என்பது என் கட்சி. பொட்டாசியம் பெல்ட்ஸ்பார் என்கிற கனிமத்தை எடுங்கள், மைனஸ் 20க்கும் 25க்கும் நடுவில் 2 டிகிரி குளிர்ந்தால் உறையவைக்கும் துகள் பத்து மடங்காகிறது. அப்படியானால் ஒரு டிகிரி பிசகினாலே மூன்று மடங்கு போச்சு. நான் தினமும் செய்கிற வேலை இது: வடிதாளில் பிடித்த தூசியைத் தண்ணீரில் கழுவி, பிசிஆர் தட்டின் (சின்னக் குழிகள் வரிசையாக உள்ள ஆய்வகத் தட்டு) குழிகளில் 50 மைக்ரோலிட்டர் வீதம் விட்டு, மெல்லக் குளிரவிட்டு மேலே கேமரா. தெளிவாக இருந்த குழி திடீரென்று பால் போல வெளுத்தால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். ஆறு மாதம் ஓரக் குழிகள் எல்லாம் நடுக்குழிகளைவிடப் பிந்தியே உறைந்துகொண்டிருந்தன, தூசியின் குணம் என்று நானும் கதை கட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு ஓரக் குழிக்குள்ளேயே மெல்லிய சென்சாரை இறக்கிப் பார்த்தால், கீழே உலோகக் கட்டை காட்டியதைவிட தண்ணீர் முக்கால் டிகிரி சூடாக இருக்கிறது.

அரைக்கிணறு:
பார்த்தீர்களா, நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ஆறு மாத எண்கள் என்ன ஆயின?

துளித்தட்டு மணி:
திருத்திப் போட்டேன் சார். வலித்தது.

கார்மேகம்:
வெப்பமானி வாதம் பெல்ட்ஸ்பாருக்குச் சரி, இல்லைட்டுக்கு முழுதாக ஒட்டாது. அங்கே தூளைக் காற்றில் தூவியவர்களுக்கும் தண்ணீரில் கலக்கியவர்களுக்கும் நடுவில்தான் பெரிய பிளவு. தண்ணீரில் துகள்கள் கட்டிக்கொண்டால் வெளியே தெரியும் பரப்பு எவ்வளவு என்று யார் கண்டது? என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் ஓட்டியது ஓட்ட அறை: பனி பூசிய இரண்டு சுவர், ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்தது, நடுவில் மெல்லிய தாளாகக் காற்று. சில நொடிதான் அவகாசம், அதற்குள் துகள் துளியாகி உறைந்து பெரிதாக வேண்டும். சில துகள்கள் அந்தத் தாளைவிட்டு ஒதுங்கிப் போய்விடும், அங்கே ஈரப்பதம் குறைவு, துளியே ஆகாது, அதனால் எண்ணிக்கை குறைத்தே காட்டும். சரி என்று ஈரப்பதத்தை ஏற்றினால், ஒரு கட்டத்துக்கு மேல் சாதாரண நீர்த்துளியும் பெருத்து பனி மாதிரி வந்து நிற்கும். அதுபோக சுவரில் இருந்து உதிரும் பனிப் பொருக்கையும் எண்ணி அடிக்கடி கழிக்க வேண்டும்.

அரைக்கிணறு:
அப்படியானால் இரண்டும் வேண்டாம், அந்த ஒப்பீடு நடந்த கார்ல்ஸ்ரூ மேக அறையையே அளவுகோலாக வையுங்கள். 84 கன மீட்டர், காற்றை உறிஞ்சி விரியவிட்டால் மேகம் ஏறுகிற மாதிரியே தானாகக் குளிர்கிறது, துளிகள் முதலில் உருவாகி அப்புறம் உறைகின்றன.

துளித்தட்டு மணி:
அந்த அறையை மலை உச்சிக்குத் தூக்கிப் போவீர்களா? மைனஸ் 20இல் லிட்டர் காற்றுக்கு ஒரு துகள் கிடைத்தாலே பெரிது, மைனஸ் 10க்குப் போனால் ஆயிரம் லிட்டர் காற்றை வடிகட்டினால்தான் கைக்கு ஏதாவது வரும். அங்கே நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் இழுக்கிற கார்மேகத்தின் கருவியும் பார்வையில்லாததுதான், கோபிக்க வேண்டாம்.

கார்மேகம்:
கோபமில்லை, உண்மைதான். ஆனால் உங்கள் வடிதாள் பல மணி நேரத்தைக் கூட்டிக் கலக்கிவிடுகிறது. தூசி அலை பத்து நிமிடம் வந்து போனால் அது எனக்குத்தான் தெரியும்.

ஸ்னோமேக்ஸ் ரசிகன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லாரும் ஸ்னோமேக்ஸை வைத்துக் கருவியைச் சரிபார்த்துவிட்டால் பிரச்சினை தீராதா? பாக்டீரியா தூள்தானே, செயற்கைப் பனி செய்யப் பனிச்சறுக்குத் திடலுக்கே விற்கிறார்கள்.

துளித்தட்டு மணி:
மைனஸ் 10க்குக் கீழே நம்பலாம் தம்பி, அங்கே அதன் உறையவைக்கும் திறன் கிட்டத்தட்ட உச்சத்தில் நிற்கிறது, ஒரு டிகிரி பிசகினாலும் எண் அசையாது. அதனாலேயே வெப்பமானித் தப்பையும் அது காட்டிக்கொடுக்காது. மைனஸ் 10க்கு மேலே அதன் புரதக் கொத்துகள் நிலையாக இருப்பதில்லை, அளவுகோலே ரப்பராகிவிடும்.

அரைக்கிணறு:
சரி, ஒரு படி இறங்கி வருகிறேன். பத்து மடங்கு என்பது கருவியின் குற்றம் மட்டும் அல்ல, ஒப்புக்கொண்டேன். ஆனால் வெப்பநிலைப் பிசகு எவ்வளவு என்று சொல்லாத வரைபடத்தை இனி என் மாதிரியில் சேர்க்கமாட்டேன். மணி, அந்த ஆறு மாதத் தரவில் ஓரக் குழிகளை மட்டும் பிரித்துப் போட முடியுமா?

துளித்தட்டு மணி:
ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். திருத்தாததையும் சேர்த்தே.