அறிவியல் நகர் அறை விளம்பரம்: புதுப்பிப்பு

கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பக்கம் நாங்கள் இரண்டு பேர் எடுத்த வீட்டுக்கு மூன்றாவது ஆள் தேட விளம்பரம் எப்படி எழுதுவது என்று முன்பு கேட்டிருந்தேன். ஆள் கிடைத்துவிட்டார், பொறியியல் பீடத்தில் படிக்கும் ஒரு தம்பி.

"தண்ணீரைப் பற்றி முதலில் எழுதுங்கோ" என்று ஒரு அக்கா சொன்னதுதான் பெரிய உதவி. ஆவணியில் கிணறு வற்றிக் கீழே போகும், தண்ணீர் சவர், குடிக்க வாங்கத்தான் வேண்டும் என்று அப்படியே போட்டோம். விசாரித்தவர்கள் குறைவு. ஆனால் வந்து பார்த்தவர்கள் எல்லாம் தெரிந்துகொண்டே வந்தார்கள்.

கரண்ட் பில்லுக்கு "மூன்றாகப் பிரிப்போம்" என்று மட்டும் எழுதினால் போதாது. பாவிக்கும் அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறும். ஒருவர் ஹீட்டர் போட்டால் மற்ற இருவரின் பங்கும் ஏறிவிடும். அதனால் லைட், ஃபேன், தண்ணி மோட்டர் பொது, ஹீட்டர் வைத்திருப்பவர் மேலதிகமாகத் தரவேண்டும் என்று எழுதினோம்.

முற்பணம் எவ்வளவு, வெளிக்கிடும்போது எப்போது திரும்பக் கிடைக்கும் என்பதையும் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை குசினியில் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கக்கூடாது என்றும் போட்டோம், அது வீட்டுக்கார அம்மாவின் விருப்பம். ஏ9 வீதியிலிருந்து வரும் ஒழுங்கையில் லைட் இல்லை என்பதையும் விடவில்லை. இரவு பஸ்ஸில் வந்திறங்கும் பிள்ளைக்கு அது கட்டாயம் தெரியவேண்டும்.

வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுப் பக்கம் அறை கொடுப்பவர்கள் யாரும் கேட்டால் முழு விளம்பரத்தையும் தருகிறேன். வாடகையையும் தண்ணீர் விபரத்தையும் மட்டும் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றுங்கோ.