சனிக்கிழமைகளில் ஆற்றங்கரை, வீட்டில் இரண்டு பிள்ளைகள்: எதைக் குறைப்பது?

கேள்வி: இடைநிலைப்பள்ளி ஆசிரியை, பெஸ்தாரி ஜெயா, மலேசியா

அனைவருக்கும் வணக்கம். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் பதினோர் ஆண்டுகளாக ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். பல்கலைக்கழகத்தில் நான் பயின்றது சுற்றுச்சூழல் அறிவியல். பள்ளியில் அந்தப் பெயரில் தனிப்பாடம் இல்லாததால், கீழ்ப்படிவங்களுக்கு அறிவியலும் ஐந்தாம் படிவத்துக்கு உயிரியலும் கற்பிக்கிறேன். மூன்று ஆண்டுகளாக மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், செம்பனைக் காட்டை ஒட்டி ஓடும் சிற்றாற்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்று, நீரின் கலங்கல், வெப்பநிலை, அமிலத்தன்மை ஆகியவற்றை அளந்து, கற்களுக்கடியில் வாழும் பூச்சிகளை எண்ணி வருகிறோம். எனக்கு மிகவும் பிடித்த பணி அதுதான்.

கணவருக்குச் செம்பனை ஆலையில் ஷிப்டு வேலை. மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. மாமியாருக்கு நீரிழிவு இருப்பதால் மருந்தும் உணவும் நேரந்தவறாமல் பார்க்க வேண்டும். கடந்த மாதம் மகனின் தமிழ்ப்பள்ளியில் விளையாட்டுப் போட்டி நடந்தபோது நான் ஆற்றில் நின்றுகொண்டிருந்தேன். அவன் ஓடியதைப் பக்கத்து வீட்டு அக்கா புலனத்தில் அனுப்பிய காணொளியில்தான் பார்த்தேன். அன்றிரவு அவன் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை.

அடுத்த ஆண்டு அறிவியல் பாடக்குழுத் தலைவர் பொறுப்பும் எனக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆற்றுப் பணியை நிறுத்துவதா, பொறுப்பை மறுப்பதா, மகள் முதலாம் ஆண்டுக்குச் செல்லும்வரை சம்பளமில்லா விடுப்பு எடுப்பதா என்று முடிவு செய்ய இயலவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: உயிரியல் ஆசிரியை, குளுவாங்

வணக்கம், சகோதரி. எதையும் நிறுத்துவதற்கு முன், இரண்டு வாரங்களுக்கு உங்கள் நேரம் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். என் இளைய மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அப்படி எழுதினேன். களத்தில் செலவானது நான்கு மணி நேரம்; அனுமதிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், நிகழ்ச்சி அறிக்கை, படங்களைப் பதிவேற்றுதல், இரவு பத்து மணிக்கும் புலனக் குழுவில் பதில் சொல்லுதல் ஆகியவற்றில் கரைந்தது ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பதைத்தான் நான் முதலில் வெட்டினேன்: ஆண்டு முழுவதற்கும் ஒரே ஒப்புதல் படிவம், ஒரு பக்க அறிக்கை, இரவு எட்டு மணிக்குப் பின் பதில் இல்லை.

மாதம் இருமுறை அளப்பது அவசியந்தானா என்றும் எண்ணிப் பாருங்கள். நம் நாட்டின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவீடுகளைக் கொண்டது. கரைந்த உயிர்வளி, அம்மோனிய நைட்ரஜன் போன்றவற்றை முறையாக அளக்கத் தகுந்த கருவியோ ஆய்வுக்கூடமோ வேண்டும். ஆகவே மாணவர்கள் அங்கே பெறுவது குறியீட்டை அன்று, ஒழுங்காகக் கவனித்துக் குறித்துவைக்கும் பழக்கத்தை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்ற குறிப்போடு ஆண்டுக்கு நான்கு முறை அளந்தாலும் அந்தப் பழக்கம் வந்துவிடும்.

மற்ற நாள்களுக்கு ஆறு எதற்கு? நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் உங்கள் ஊர்ப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆண்டு 1917. வேலிக்கு அப்பால் உள்ள மரத்தில் ஆண்பூ விரிந்திருக்கும் காலையில் மாணவர்களை அருகே நிறுத்தினால், சோம்பு வாசனையையும் பூவில் மொய்க்கும் சிறு கூன்வண்டுகளையும் அவர்களே கண்டுகொள்வார்கள். அந்த வண்டு இந்த மண்ணுக்குரியதன்று; கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1981இல் எங்கள் குளுவாங்கில் உள்ள மாமோர் தோட்டத்தில் விடப்பட்டது. அதற்கு முன் பல தோட்டங்களில் ஆள்வைத்துக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. எலியைக் கட்டுப்படுத்தத் தோட்டத்தில் வைக்கும் கூகைக் கூண்டு இன்னொரு பாடம். எலிக்கு வைக்கும் நஞ்சு அந்த எலியைத் தின்னும் கூகையையும் எப்படித் தாக்குகிறது என்பதை உணவுச் சங்கிலிப் படத்தைவிட அது நன்றாக விளக்கும். இவையெல்லாம் வாரநாளில், இரட்டைப் பாடவேளைக்குள் முடிந்துவிடும். ஆற்றுக்குப் போகும் அந்த நான்கு நாள்களில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாமே.

மறுமொழி 2: ஆசிரியையின் கணவர், தெலுக் இந்தான்

தங்கை, மேலே ஆசிரியை கூறிய அனைத்தையும் ஏற்கிறேன். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. என் மனைவி இரண்டு ஆண்டுகள் அப்படிச் செய்து பார்த்தார். முப்பது மாணவர்களின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்று ஆற்றங்கரையில் நிற்பவரால் நான்கு வயதுக் குழந்தையைக் கவனிக்க இயலாது. பிள்ளைக்கு அன்று அம்மா கிடைக்கவில்லை, மாணவர்களுக்கும் ஆசிரியை பாதிதான் கிடைத்தார். அந்த நாள்களில் பிள்ளைகள் தந்தையின் பொறுப்பு. நானும் ஆலையில் ஷிப்டு வேலை பார்ப்பவன்தான். பணிப் பட்டியல் முன்கூட்டியே ஒட்டப்படுவதால், என் மனைவியின் களநாள்களை அதோடு ஒப்பிட்டு, தேவைப்பட்டால் உடன் வேலை செய்பவரோடு மாற்றிக்கொள்வேன். அம்மாவின் மருந்து நேரமும் அதே நாள்காட்டியில் இருக்கும். இதை நீங்கள் தனியாகத் தீர்க்க வேண்டிய சிக்கலாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. உங்கள் கணவரும் இதைப் படிக்க வேண்டும்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுங்கை சிப்புட்

அம்மா, பாடக்குழுத் தலைவர் பொறுப்பை மறுக்க வேண்டாம். ஓராண்டு தள்ளிவைக்கக் கேளுங்கள். காரணத்தை மறைக்காமல், இப்போதே கேளுங்கள். பள்ளி திறந்தபின் வரும் மறுப்புதான் நிர்வாகத்துக்குத் தொல்லை. முன்கூட்டியே தெரிவித்த ஆசிரியைகளுக்காகப் பொறுப்புகளை மாற்றி அமைப்பது எனக்கு ஒருபோதும் கடினமாக இருந்ததில்லை. சம்பளமில்லா விடுப்பைப் பொறுத்தவரை, உங்களுக்குரிய விதிமுறையை அலுவலகத்தில் எழுத்து வடிவில் பெற்று, வீட்டுக் கடனின் மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே முடிவெடுங்கள். இன்னொன்று: ஆற்றுக்கு உங்களோடு மற்றோர் ஆசிரியர் வருகிறார் அல்லவா? ஆண்டுக்கு ஒரு முறையாவது அவரே முன்னின்று நடத்தட்டும். நீங்கள் இல்லாவிட்டால் நின்றுபோகும் திட்டத்தால் உங்களுக்கு ஓய்வும் இல்லை, மாணவர்களுக்கு உறுதியும் இல்லை.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் எழுதிப் பார்த்தேன். ஆற்றில் நான்கு மணி நேரம். அது தொடர்பான தாள்வேலையிலும் தொலைபேசியிலும் பதினொரு மணி நேரம். இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆற்றுக்கு இனி ஆண்டில் நான்கு முறைதான் செல்வோம். இரண்டு பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சிகளைக் குறித்த பிறகே அந்தத் தேதிகளைக் குறிப்பேன். பாடக்குழுப் பொறுப்பை ஓராண்டு தள்ளிவைக்கும்படி கடிதம் கொடுத்துவிட்டேன். கணவர் இத்திரியைப் படித்தார். நாள்காட்டி இப்போது குளிர்பதனப் பெட்டியின் கதவில் தொங்குகிறது.

குளுவாங் ஆசிரியை எழுதிய வண்டுக் கதையை மாமியாரிடம் சொன்னேன். வண்டு வருவதற்கு முன் தாமும் அந்த வேலை செய்ததாகச் சொன்னார். மகரந்தத்தை வெள்ளைத் தூளோடு கலந்து, முள்ளுக்குள் கைவிட்டுப் பூவில் ஊதுவார்களாம். பதினோர் ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் சொல்லச் சொல்ல மகன் நான்கு பக்கம் எழுதினான். நான் பக்கத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும் செவ்வாய்க்கிழமை அதை ஐந்தாம் படிவத்தில் படித்துக்காட்டப் போகிறேன். தாளின் மேலே பாட்டியின் பெயரையும் தன் பெயரையும் அவனே எழுதியிருக்கிறான்.