மறு: ‘தெபீர்’ – கருவறை என்றே சொல்லிவிடலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். எருசலேமில் சாலொமோன் அரசர் கட்டிய யூத ஆலயத்தின் கடைசி உள்ளறைக்கு எபிரேயத்தில் ‘தெபீர்’ என்று பெயர். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> சாலொமோன் ஆலய வரைபடத்தில் கடைசி அறைக்குக் ‘கருவறை’ என்று போட்டுவிடலாம். வாசகருக்கு உடனே புரியும்.

உடனே புரிந்துவிடும் என்பதுதான் என் தயக்கம். கருவறை என்றதும் நமக்குத் தீபாராதனை நினைவுக்கு வரும். திரை விலகும், எட்டிப் பார்ப்போம், கன்னத்தில் போட்டுக்கொள்வோம். எருசலேமில் நிலைமை நேர் எதிர். அன்றாடப் பலியெல்லாம் வெளியே, முற்றத்துப் பலிபீடத்தில். இந்த அறைக்குள் தலைமைக் குரு மட்டும், அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள், பாவப் பரிகார நாளான யோம் கிப்பூர் அன்று போவார். சரி, உள்ளே பழுது பார்க்க வேண்டுமென்றால்? மேல்மாடித் தளத்தில் திறப்புகள் இருந்தன, வேலையாட்களைப் பெட்டிக்குள் வைத்து அவற்றின் வழியே இறக்கினார்கள் என்கிறது யூதரின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா. இல்லாவிட்டால் அந்த இடம் அவர்கள் கண்ணுக்கு விருந்தாகிவிடுமாம்! தரிசனத்துக்கான அறையும் பார்க்கவே கூடாத அறையும் ஒரே பெயரில் வருவது எனக்கு ஒப்பவில்லை.

கட்டட அமைப்பில் ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. முன்னே நுழைவுப் பகுதியான ஊலாம், நடுவில் பெரிய கூடமான ஹேகால், கடைசியில் தெபீர் என்று ஒரே நேர்கோட்டில் உள்ளே போகப் போக இருள். தெபீர் நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழம் கொண்ட கனசதுரம். கட்டடத்தின் உயரமோ 30 முழம். மீதி 10 முழம் எங்கே போனது, தரையை உயர்த்தினார்களா, கூரையைத் தாழ்த்தினார்களா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். உள்ளே பொன் தகடு வேய்ந்த இரண்டு கேருபீன்கள், அதாவது இறக்கையுள்ள வானவர் உருவங்கள். அவற்றின் இறக்கைகள் சுவருக்குச் சுவர் தொட்டு நின்றன. அடியில் உடன்படிக்கைப் பெட்டி, பெட்டிக்குள் பத்துக் கட்டளைகள் பொறித்த இரண்டு கற்பலகைகள். கடவுளின் உருவம் மட்டும் கிடையாது. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் ஆலயத்தை அழித்த பிறகு பெட்டியும் இல்லை. இரண்டாம் ஆலயத்தில் அந்த அறை வெறுமையாகவே இருந்தது. கி.மு. 63இல் ரோமானியத் தளபதி பொம்பேயி உள்ளே நுழைந்து பார்த்தபோது எந்தச் சிலையும் இல்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

> பழைய வேதாகமத்திலேயே சொல் இருக்கிறதே, புதிதாக ஏன்?

இருக்கிறது. ஆனால் ‘மகா பரிசுத்த ஸ்தலம்’, ‘திருத்தூயகம்’ இரண்டும் ‘கோதெஷ் ஹக்கோதஷீம்’ என்ற வேறொரு தொடருக்கானவை. அது புனிதத்தின் படிநிலையைச் சொல்வது; தெபீர் கட்டடத்தின் ஓர் உறுப்பு. தெபீருக்குப் பழைய மொழிபெயர்ப்பு ‘சந்நிதி ஸ்தானம்’ என்று போட்டது. அழகான சொல்தான், ஆனால் இன்று சந்நிதி என்றால் அம்மன் சந்நிதிதான் நினைவுக்கு வரும்.

சொல்லின் வேரிலேயே ஒரு சிக்கல். ‘பேசு’ என்ற பொருளுள்ள ‘தாபர்’ என்பதிலிருந்து வந்ததாக, வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் காலத்தில் நினைத்தார்கள். அவர் இதை இறைவாக்கு இடம் என்றே பெயர்த்தார். இன்றைய மொழியியலாளர் பலர் ‘பின்பக்கம்’ என்ற பொருளையே ஏற்கிறார்கள். அதற்காகப் ‘பின்னறை’ என்றால் நெல் மூட்டை அடுக்கும் இடம்போல் இருக்கிறது. கல்வெட்டுகளில் கோயிலின் உள்ளறைக்கு வரும் ‘உண்ணாழிகை’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் இன்று படிப்பவர் நேரக் கணக்கு என்று நினைத்துவிடுவார்.

என் பரிந்துரை: மறையகம். மறைந்த இடம் என்பது முதல் பொருள். மறை என்றால் திருநூலும்தான். கட்டளைகள் பொறித்த பலகைகள் இருந்த இடம் என்பதும் வந்துவிடுகிறது. ஜெரோமின் ‘பேச்சு’கூட ஓரமாக ஒட்டிக்கொள்கிறது. ‘அறை’ என்று முடிக்காததற்கும் காரணம் உண்டு. இஸ்ரேலின் தெல் ஆராத் கோட்டையில் 1960களில் தொல்லியலாளர் யோஹனான் அஹரோனி தோண்டி எடுத்த யூதா நாட்டுக் கோயிலில் இந்தப் பகுதி படியேறிப் போகும் ஒரு சிறு மாடம்தான், வாயிலில் இரண்டு தூபபீடங்களுடன். அதற்கும் ‘அகம்’ பொருந்தும். கத்தோலிக்க ஆயரின் ஆட்சிப் பகுதிக்கு ‘மறைமாவட்டம்’ என்ற சொல் புழங்குகிற ஊரில் இதை ஆயர் அலுவலகம் என்று நினைப்பார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. படத்துக்குக் கீழே ஒரு வரி விளக்கம் போட்டுவிடலாம்.

அப்புறம், ஹேகாலுக்கு ‘மகாமண்டபம்’ வேண்டாமே. அது மக்கள் நிற்கும் தூண் மண்டபம் இல்லை, 40 முழ நீளத்தில் மூடிய கூடம். குருக்களுக்கு மட்டுமே அனுமதி. ‘பெருங்கூடம்’ போதும். ஹேகால் என்ற சொல்லே சுமேரியத்தின் ‘எ-கல்’, அதாவது பெரிய வீடு, அக்காதியம் வழியாக எபிரேயத்துக்கு வந்தது. அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் அதே சொல்தான். நம் ‘கோயில்’ அப்படியே!

யாகீன், போவாஸ் என்று பெயரிட்ட இரு தூண்கள் நின்ற ஊலாமுக்குத்தான் சரியான சொல் அகப்படவில்லை. ‘முகப்பறை’ என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் கட்டடத்தை விவரிக்கும் 1 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தில் அதற்குக் கதவு சொல்லப்படவில்லை. அறை என்பது பொருந்துமா? கட்டடக்கலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.