பிரைட்டனில் ஐப்பசி: ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் மகளின் நாட்கள் எப்படி இருக்கும்?

காப்பித்தோட்டம் (ஏற்காடு):

அனைவருக்கும் வணக்கம். நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறேன். என் மூத்த மகள் சென்ற செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகருக்கு முதுநிலைப் படிப்புக்காகப் போயிருக்கிறாள். நகருக்கு வெளியே ஃபால்மர் என்னும் இடத்தில் பல்கலைக்கழகமும் விடுதியும் உள்ளன.

முதல் மாதம் முழுவதும் நல்ல வெயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐப்பசி பிறந்ததிலிருந்து பேச்சின் தொனி மாறிவிட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்களாம். இப்போது மாலை ஐந்து மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியிருக்கிறது என்கிறாள். நாங்கள் வாங்கிக் கொடுத்த குடை இரண்டாம் நாளே காற்றில் கம்பி முறிந்து போய்விட்டது. ஆனாலும் வகுப்பு முடிந்ததும் பேருந்து ஏறிக் கடற்கரைக்குப் போகிறாள். எதற்கம்மா என்று கேட்டால், பறவை பார்க்க என்கிறாள். அவள் அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.

ஏற்காட்டில் பிறந்து வளர்ந்த பெண் ஆகையால் குளிரும் மூடுபனியும் அவளுக்குப் புதியவை அல்ல. ஆனால் இலையுதிர் காலம் என்று பாடப் புத்தகத்தில் படித்ததற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. நம் மலையடிவாரத்துத் தேக்கும் இலுப்பையும் மாசி, பங்குனியில்தான் இலை உதிர்க்கின்றன. ஐப்பசியில் இங்கே எல்லாம் பச்சையாக இருக்கிறது, காப்பிப் பழம் சிவக்கத் தொடங்குகிறது. அந்த ஊரில் இந்தப் பருவத்தில் ஒரு சாதாரண நாள் எப்படி இருக்கும், அவள் கண்ணில் என்னவெல்லாம் படும், மாலையில் அந்தக் கடற்கரைக்குத் தனியாகப் போவது பாதுகாப்பானதா, இங்கிருந்து என்ன அனுப்பலாம் என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அஸ்தம்பட்டி (சேலம்):

ஐயா, வணக்கம். பிரைட்டனில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். உங்கள் மகள் பறவை பார்க்கப் போகிறாள் என்று படித்ததுமே எனக்கு மனம் நிறைந்துவிட்டது. ஒன்பது ஆண்டுகளும் ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் நான் செய்த வேலையும் அதுதான்.

அந்தப் பறவையின் பெயர் ஸ்டார்லிங். நம் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. கறுத்த உடலில் வெள்ளைப் புள்ளிகள் இறைந்திருக்கும். ஐரோப்பாவின் குளிர் மிகுந்த பகுதிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க ஏராளமானவை பிரிட்டனுக்கு வந்து, அங்கேயே இருப்பவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. பகல் முழுவதும் சுற்றுவட்டார வயல்களில் மேய்ந்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் சிறு சிறு கூட்டங்களாகக் கடற்கரைக்குத் திரும்பும். 1899-இல் திறக்கப்பட்ட பேலஸ் பியர் என்னும் கடற்பாலத்தின் அடியில் உள்ள இரும்புச் சட்டங்கள்தான் அவற்றின் இரவுத் தங்குமிடம். அடைவதற்கு முன்பு எல்லாக் கூட்டங்களும் ஒன்றாகிக் கடலுக்கு மேலே புகைபோல் விரிந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டு பறக்கும். நம் தலைக்கு மேலே அவை திரும்பும்போது, முறத்தில் அரிசி புடைப்பது போன்ற ஓசை கேட்கும். பிறகு, யாரோ மூட்டையின் வாயைத் திறந்து கவிழ்த்ததுபோல் மொத்தக் கூட்டமும் பாலத்தின் அடியில் கொட்டிவிடும். அதன் பின்னும் வெகுநேரம் இரும்புக்கு இடையிலிருந்து கீச்சொலி வந்துகொண்டே இருக்கும். ரோம் நகரில் இத்தகைய கூட்டங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த இயற்பியலாளர்கள், ஒவ்வொரு பறவையும் தன்னை அடுத்துள்ள ஆறேழு பறவைகளை மட்டும் கவனித்தே திரும்புகிறது என்று கண்டறிந்தார்கள். 2021-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜோ பாரிசி அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்.

அந்தப் பாலத்திலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால், கடலுக்குள் ஓர் இரும்புக்கூடு தனியாக நிற்கும். 1866-இல் திறந்து 1975-இல் மூடப்பட்ட மேற்குக் கடற்பாலத்தின் எச்சம் அது. புயலில் இடிந்து, 2003-இல் இருமுறை தீப்பற்றி, இப்போது எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஐப்பசி மாதத்துச் சூரியன் அதன் பின்னால் இறங்கும் வேளையில் ஊரே வந்து கரையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்.

கடற்கரை என்றதும் மெரினாவைப் போல மணலை நினைக்க வேண்டாம். நீர் நன்றாக வற்றும்போதுதான் சிறிது மணல் தெரியும். மற்றபடி முழுவதும் கூழாங்கல். சுண்ணாம்புப் பாறையிலிருந்து கழன்று, கடலில் உருண்டு உருண்டு வழவழப்பான சக்கிமுக்கிக் கற்கள் அவை. அலை பின்வாங்கும்போது அந்தக் கற்கள் ஒன்றோடொன்று உரசிக் கீழே இறங்கும் ஒலி, தகரக் கூரையில் பெருமழை பெய்வதைப் போல இருக்கும். கோடையில் அந்த ஒலி பெரும்பாலும் கூட்டத்தின் இரைச்சலில் அமுங்கிவிடும். அதைக் காதாரக் கேட்பதற்கு இதுதான் பருவம்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்டதற்குத் தெளிவாகவே சொல்கிறேன். நடைபாதையில் நிற்பதற்கும் பாலத்தருகே மக்களோடு நின்று பார்ப்பதற்கும் அச்சமே இல்லை. ஆனால் கரை சரிவானது. பெருங்காற்று வீசும் நாளில் அலை ஆளை உருட்டி உள்ளே இழுத்துவிடும், கற்கள் காலடியில் நழுவுவதால் மேலே ஏறிவர முடியாது. செப்டம்பர் தொடக்கத்தோடு உயிர்காப்பாளர்களின் பணியும் முடிந்துவிடுகிறது. ஆகவே புயல் எச்சரிக்கை உள்ள நாளில் கற்களின் மீது இறங்கவே கூடாது என்று மட்டும் அவளிடம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரையோரத் தெருக்களில், உப்பைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்றினால் பல மரங்களின் இலைகள் நிறம் மாறும் முன்பே ஓரம் கருகி விழுந்துவிடும். பூங்காக்களில்தான் பொன்மஞ்சள் நிறத்தைப் பார்க்கலாம். அதுவும் எல்ம் மரங்களால். நம் ஆயா மரத்துக்கு உறவு அது. 1970-களில் ஒரு பூஞ்சை நோய் இங்கிலாந்தின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றபோது, குன்றுகளும் கடலும் அரணாக நின்றதாலும், நோய் கண்ட மரத்தை நகராட்சி உடனுக்குடன் வெட்டியதாலும் பிரைட்டனில் அவை பிழைத்தன. இன்று 17,000 அளவில் இருக்கின்றன. பிரெஸ்டன் பூங்காவில் ஏறத்தாழ 400 வயதுள்ள இரட்டை எல்ம்களில் ஒன்றை நோய் தாக்கியதால் 2019-இல் இழந்தார்கள், மற்றொன்று நிற்கிறது. அதை அவள் அவசியம் பார்க்க வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிறன்று லண்டனிலிருந்து பழைய கார்கள் ஊர்வலமாக வரும். 1905-க்கு முன்பு செய்யப்பட்டவை மட்டுமே கலந்துகொள்ளலாம். கார்களுக்கான வேக வரம்பை உயர்த்திய சட்டத்தைக் கொண்டாட, 1896 நவம்பர் 14 அன்று நடந்த பயணத்தின் நினைவு அது. விடியும்போது புறப்பட்டு, 60 மைல் கடந்து, கடலோரச் சாலையில் நனைந்த கோட்டுடனும் சிவந்த மூக்குடனும் வந்து இறங்குபவர்களைக் கைதட்டி வரவேற்பார்கள். நவம்பர் 5 அன்று வாணவேடிக்கை, தீபாவளியை நினைத்துக்கொள்வாள்.

செவ்வாய்ப்பேட்டை ஆசிரியர் (சேலம், ஓய்வு):

மேலே நண்பர் காட்சிகளை விரிவாக எழுதிவிட்டார். நாற்பதாண்டு புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், வெளிச்சத்தைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். ஏனென்றால் அந்தப் பெண்ணை வாட்டுவது குளிரைவிட அதுவாகத்தான் இருக்கும்.

சேலம் ஏறத்தாழ வடக்கு 11.6 பாகையில் இருக்கிறது; பிரைட்டன் 50.8 பாகையில். நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் மணி நேரத்தை ஒட்டியதுதான் என்பதால் நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அங்கே ஜூன் மாதத்தில் பதினாறு மணி நேரத்துக்கும் மேலான பகல், டிசம்பரில் எட்டு மணி நேரத்துக்குள் சுருங்கிவிடுகிறது. செப்டம்பர், அக்டோபரில் ஒவ்வொரு நாளும் மூன்று நிமிடத்துக்கு மேல் பகல் குறையும். அத்துடன் அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தையும் பின்னால் தள்ளுவதால், முந்தைய நாள் ஐந்தே முக்காலுக்கு மறைந்த சூரியன் மறுநாள் நாலே முக்காலுக்கே மறைகிறது. டிசம்பர் நடுவில் நான்கு மணிக்கு முன்பே மறையும். அவளுடைய நேரமும் நம் நேரமும் நாலரை மணியிலிருந்து ஐந்தரை மணி வேறுபாட்டுக்கு மாறியிருப்பதும் இதனால்தான்.

இலையுதிர்வுக்கு அங்கே காரணமும் இந்தச் சுருங்கும் பகலும் குளிருமே. இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் சிதைந்து, அதில் உள்ள சத்தை மரம் உள்வாங்கிக்கொள்ள, மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது; பின்பு காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு உருவாகி இலை கழன்றுவிடுகிறது. நம் மலையடிவாரத்து மரங்கள் நீர் இல்லாத கோடையைத் தாங்குவதற்காக உதிர்க்கின்றன. அதனால்தான் நம்முடைய ஆறு பெரும்பொழுதுகளில் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர், அதாவது குளிர்காற்றின் பருவம். நண்பர் எழுதியதைப் படித்தபோது, அந்தக் கடற்கரை நகரத்துக்கு இலையுதிர் காலம் என்பதைவிடக் கூதிர் என்ற நம் பழைய சொல்லே பொருத்தமாக எனக்குப் பட்டது.

அம்மாப்பேட்டை செவிலி (சேலம்):

அண்ணா, அண்ணியிடம் தைரியமாக இருக்கச் சொல்லுங்கள். நான் ஆறு ஆண்டுகள் அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியாக இருந்தேன். முதல் ஐப்பசியில் நான் அழாத நாள் குறைவு. காலையில் இருட்டில் வேலைக்குப் போய், இருட்டில் திரும்பி, வெயிலே படாமல் ஒரு வாரம் கழியும். பகல் உணவு இடைவேளையில் பத்து நிமிடம் வெளியே நடக்கப் பழகிய பிறகுதான் தேறினேன். அவளையும் அப்படியே செய்யச் சொல்லுங்கள். வெயில் இல்லாவிட்டாலும் பகல் வெளிச்சம் கண்ணில் பட வேண்டும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் எல்லோருமே நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வதைப் பற்றி யோசிக்குமாறு அந்நாட்டு அரசே அறிவுறுத்துகிறது. நம் போன்ற மாநிறத் தோலுக்கு அது இன்னும் அவசியம்.

குடை இனி வேண்டவே வேண்டாம். மழை அங்கே படுக்கைவாட்டில் வரும். தலைமூடியுடன் கூடிய, நீர் புகாத கோட்டு ஒன்றை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். ஒரே கனத்த கம்பளிச் சட்டையைவிட, மெல்லிய துணிகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே நல்லது. பேருந்துக்குள்ளும் கடைக்குள்ளும் சூடாக இருப்பதால் அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும்.

அறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஈரத் துணியை அறைக்குள்ளேயே காயப்போட்டு, குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறக்காமல் இருந்தேன். கார்த்திகைக்குள் கட்டிலுக்குப் பின்னால் சுவர் முழுவதும் கருப்புப் பூஞ்சை பிடித்து, இருமல் இரண்டு மாதம் விடவில்லை. தினமும் காலையில் கால்மணி நேரம் ஜன்னலைத் திறந்து வைத்து, கண்ணாடியில் வழியும் நீரைத் துணியால் துடைத்துவிடச் சொல்லுங்கள்.

ரசப்பொடி, பருப்புப்பொடி, உங்கள் தோட்டத்து மிளகு, நம் ஊர்த் தட்டுவடை எல்லாம் அனுப்பலாம். நெய், பால்கோவா, கருவாடு சேர்க்காதீர்கள்; பாலோ இறைச்சியோ கலந்த உணவுகளை இங்கிருந்து கொண்டுசெல்ல அங்கே அனுமதி இல்லை, கருவாட்டின் வாசனைக்கோ விடுதியில் இருக்கும் மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லாவற்றையும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். கருவாடு பொட்டலத்திலிருந்து வெளியே எடுக்கப்பட்டுவிட்டது. மிளகு கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. ஜன்னல் செய்தியை அன்றே சொல்லிவிட்டோம். அவள் அறையிலும் கண்ணாடியில் நீர் வழிகிறதாம்.

அழைப்பு நேரத்தையும் மாற்றிக்கொண்டோம். அவளுக்கு நாலே முக்கால் என்றால் நமக்கு இரவு பத்தேகால். நேற்று அந்த நேரத்தில் பாலத்தருகே நடைபாதையில் நின்று கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். பறவைகள் திரையில் மிளகு இறைத்ததுபோல் தெரிந்தன, சரியாகப் பிடிபடவில்லை. பிறகு, அப்பா, இதைக் கேளுங்கள் என்று கைப்பேசியைக் கடலை நோக்கி நீட்டினாள். அடுப்படியில் இருந்த என் மனைவி, மழை பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே கொடியில் கிடந்த துணியை எடுக்க வாசலுக்கு ஓடினார்.