ஒப்புக்கொடுத்தலா, வல்லமையா?

பல்லடம் விசுவாசி:
சோமனூரில் ஒரு வீட்டு உபவாச ஜெபத்தில் கண்டது என்னை இதை எழுத வைக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் விசைத்தறித் தொழிலாளி ஒருவர், ஊசி குத்திக் கன்றிப்போன கையை மடியில் வைத்தபடி பாயில் அமர்ந்திருந்தார். வல்லமையைப் பெற்றுக்கொள்ளும் விசுவாசம் இல்லாததால்தான் அவருக்குச் சுகம் கிடைக்கவில்லை என்று ஜெபித்த ஊழியர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். அந்தத் தொழிலாளி மறுபேச்சுப் பேசவில்லை. அவருடைய மனைவிதான் ஜெப எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டு அழுதார். தேவ சித்தத்துக்கு நம்மை ஒப்புக்கொடுப்பதை விட்டு, பரிசுத்த ஆவியின் வல்லமையைப் பெறுவதே விசுவாச வாழ்க்கையின் இலக்கு என்று போதித்தால் நோயாளி இப்படித்தான் குற்றவாளியாக்கப்படுவார். அப்போஸ்தலர் பவுல், தம் மாம்சத்தில் 'முள்' என்று அவர் சொன்ன வேதனை நீங்க ஆண்டவரிடம் மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கும் விசுவாசம் இல்லையா?

ஈரோட்டுச் சகோதரி:
சகோதரரே, அந்த ஊழியர் செய்தது கொடுமை. அதற்காக வல்லமையைத் தேடுவதையே தள்ளிவிடலாமா? உன்னதத்திலிருந்து வரும் பெலனால் தரிப்பிக்கப்படும்வரை எருசலேமில் இருங்கள் என்று உயிர்த்தெழுந்த ஆண்டவரே சீஷர்களுக்குச் சொன்னார். அவர்கள் காத்திருந்து ஜெபித்தது கீழ்ப்படிதல் அல்லவா? ஞானவரங்களை விரும்புங்கள் என்று எழுதியவரும் நீங்கள் சொல்லும் அதே பவுல்தான். 1905இல், பண்டித ரமாபாய் மகாராஷ்டிரத்தில் ஆதரவற்ற பெண்களுக்காக நடத்திய முக்தி மிஷனில் ஆவிக்குரிய எழுப்புதல் உண்டாவதற்கு முன், அங்கிருந்த பெண்கள் நாள்தோறும் கூடி ஆவியின் பொழிவுக்காக மன்றாடினார்கள். ஒப்புக்கொடுத்தல் என்று பெயர் சூட்டிக்கொண்டு, எதையும் கேட்காத அசதியை நம் பழைய சபைகளில் நிறையவே பார்க்கிறேன். அது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

பல்லடம் விசுவாசி:
கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்காகக் கேட்கிறோம் என்பதே என் கவலை. சமாரியாவில் மாயவித்தைக்காரனான சீமோன் பணம் கொடுத்துப் பெற விரும்பியதும் பரிசுத்த ஆவியின் வல்லமையைத்தான். அவன் இருதயம் செம்மையாக இல்லை என்று பேதுரு கடிந்துகொண்டார். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் இயேசு ஜெபித்த "என் சித்தத்தின்படியல்ல" என்ற வார்த்தை நம் சுகமளிக்கும் கூட்டங்களில் எத்தனை முறை ஒலிக்கிறது?

ஈரோட்டுச் சகோதரி:
அது ஒலிக்கத்தான் வேண்டும். இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் மாற்கு எழுதியபடி, அதற்கு முன்னால் ஆண்டவர் "எல்லாம் உம்மாலே கூடும்" என்று சொல்லி, பாடுகளின் பாத்திரத்தை எடுத்துப்போடும்படி வாய்திறந்து கேட்டார். சோமனூர் சகோதரரிடம் குற்றம் சுமத்தும் உரிமை எந்த ஊழியருக்கும் இல்லை. சுகத்தைக் கேட்கும் துணிவை அவரிடமிருந்து பறிக்கும் உரிமையும் நமக்கு இல்லை.